அழகர்மலை ஊற்று முதல் சுருளி அருவி வரை: மதுரையிலிருந்து இரண்டு நாள் நீர்ப்பயணம்

மதுரையில் யாரிடமாவது "அருவிக்குப் போகலாமா?" என்று கேட்டால், அடுத்த கேள்வி "குற்றாலத்துக்கா?" என்பதாகத்தான் இருக்கும். குற்றாலத்தின் பெருமையில் குறை ஒன்றுமில்லை. ஆனால் நாம் குடிக்கும் வைகைத் தண்ணீர் எந்தெந்த மலைகளிலிருந்து இறங்கி வருகிறதோ, அந்த மலைகளிலேயே அருமையான அருவிகள் இருக்கின்றன. கும்பக்கரையில் விழும் பாம்பாறு வராக நதி வழியாக வைகைக்கு வருகிறது. தலையாறு மஞ்சளாறாகி வைகையில் சேர்கிறது. சுருளியாறு முல்லையாற்றோடு கலந்து வைகைக்கு வருகிறது. இந்த மூன்றையும், புறப்படும் வழியிலேயே அழகர்மலையின் நூபுர கங்கையையும் சேர்த்து ஒரு சனி, ஞாயிறுக்குள் பார்த்துவிட முடியும். அதற்கான முழு வழிகாட்டி இது.

விடுமுறையைப் பார்த்து நாள் குறிக்காதீர்கள், மழையைப் பார்த்துக் குறியுங்கள். இந்தப் பயணம் இனிப்பதும் கசப்பதும் இந்த ஒன்றில்தான் இருக்கிறது. அதனால் அதைப் பற்றியே முதலில் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எந்த மழை, எந்த அருவி

மதுரையைச் சுற்றியிருக்கும் மலைகள் எல்லாவற்றுக்கும் ஒரே பருவத்தில் மழை கிடைப்பதில்லை. மேகமலை, வருசநாட்டுப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையின் சாரல் எட்டிப் பார்க்கும். மதுரையில் வெயில் கொளுத்தும் ஆடி மாதத்தில் சுருளியில் தண்ணீர் கொட்டுவது அதனால்தான். கொடைக்கானல் மலையின் கிழக்குச் சரிவும் சிறுமலையும் அழகர்மலையும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருப்பவை. கும்பக்கரை ஏப்ரல், மே மாதக் கோடை மழையிலும் திடீரென்று பெருகும்.

நான்கு இடங்களையும் ஒரே பயணத்தில் நல்ல நிலையில் பார்க்க விரும்பினால் டிசம்பர் பிற்பகுதி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை ஏற்ற காலம். பெருமழையின் ஆர்ப்பாட்டம் அடங்கியிருக்கும். ஆனால் மலை உள்வாங்கிய தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். பாறையும் மண்ணும் கழுவப்பட்டு நீர் தெளிந்திருக்கும். மார்ச்சில் போவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

மாதத்தைத் தீர்மானித்த பிறகு பயணத்துக்கு முந்தைய மூன்று நாள் செய்திகளைக் கவனியுங்கள். நாளிதழ்களின் தேனி மாவட்டப் பக்கத்தில் "அருவியில் குளிக்கத் தடை", "தடை நீக்கம்" என்ற செய்திகள் அடிக்கடி வரும். அந்தச் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் சில ஊர்ப் பெயர்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வட்டக்கானல், பாம்பார்புரம், வெள்ளகெவி ஆகிய இடங்களில் மழை என்று படித்தால் அந்தத் தண்ணீர் கும்பக்கரைக்கு வரும். அரிசிப்பாறை, ஈத்தக்காடு, தூவானம், ஹைவேவிஸ் என்று படித்தால் அது சுருளிக்கு வரும். இந்தப் பெயர்கள் முந்தைய நாள் செய்தியில் "கனமழை" என்ற சொல்லோடு இருந்தால் அருவி மூடப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஒரு வாரமாக இந்தப் பெயர்களே கண்ணில் படவில்லை என்றால் தண்ணீர் மெலிந்திருக்கும். மழை பெய்து இரண்டு மூன்று நாள் ஓய்ந்த நேரம்தான் போகவேண்டிய நேரம்.

கிளம்பும் காலையில் பெரியகுளத்திலோ கம்பத்திலோ தெரிந்தவர் இருந்தால் ஒரு முறை கேட்டுவிடுங்கள். தெரிந்தவர் இல்லையென்றால், நீங்கள் தங்கப்போகும் விடுதிக்குப் போன் செய்தாலே சொல்லிவிடுவார்கள். வனத்துறை காலையில் வெள்ளத்தைப் பார்த்துத்தான் அன்றைய முடிவை எடுக்கிறது.

வெந்நீர் ஊற்று இங்கே உண்டா?

ஐஸ்லாந்தில் ஆறு முதல் பத்து நிமிடங்களுக்கு ஒரு முறை தரையிலிருந்து வானுயரப் பீறிடும் ஸ்ட்ரோக்கர் ஊற்றின் வீடியோவைப் பார்த்துவிட்டு, நம் பக்கம் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். இல்லை. ஏன் இல்லை என்பதை அவர்களுக்கு வழியிலேயே சொல்லிவிடலாம்.

அப்படிப் பீறிட மூன்று வேண்டும்: ஆழம் குறைவான இடத்திலேயே கடுமையான சூடு, நிறையத் தண்ணீர், நடுவில் குறுகிய குழாய் போன்ற பிளவு. ஆழத்தில் இருக்கும் தண்ணீர், மேலிருக்கும் நீரின் அழுத்தத்தால் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மேலே கொஞ்சம் நீர் வழிந்து அழுத்தம் குறைந்த கணத்தில், கீழே உள்ளது சட்டென்று ஆவியாகி எல்லாவற்றையும் தூக்கி எறியும். மூடியைத் தவறான நேரத்தில் திறந்த குக்கரில் நடப்பது போன்றதுதான் அது. மதுரையைச் சுற்றியுள்ள பாறைகள் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே ஆறிப்போன பழம்பாறைகள். உயிருள்ள எரிமலை அருகில் எங்கும் இல்லை. நாட்டுக்குள் வெந்நீர் ஊற்று பார்க்க ஆசைப்பட்டால் இமாசலப் பிரதேசத்தின் மணிகரணுக்கோ லடாக்கின் பூகா பள்ளத்தாக்குக்கோ போக வேண்டும்.

நமக்கு வாய்த்தவை குளிர்ந்த ஊற்றுகள். மழை பாறையின் வெடிப்புகளுக்குள் இறங்கி, மெதுவாக நகர்ந்து, சரிவில் ஏதோ ஒரு பிளவில் வெளிவருகிறது. மண்ணுக்கடியில் வெப்பநிலை ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. அதனால் அந்த நீர் மார்கழி அதிகாலையில் இதமாகவும் சித்திரை உச்சிவெயிலில் சில்லென்றும் தோன்றும். கிணற்றில் குளித்துப் பழகிய தலைமுறைக்கு இது தெரியும். இன்றைய பிள்ளைகள் கை வைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

முதல் நாள் காலை: அழகர்மலை

மதுரையிலிருந்து அழகர்கோயில் 21 கிலோமீட்டர். பெரியார் பஸ் நிலையத்திலிருந்தும் மாட்டுத்தாவணியிலிருந்தும் டவுன் பஸ்கள் உண்டு. ஏழு மணிக்குள் அடிவாரத்தில் இருப்பது நல்லது. வெயில் ஏறிய பிறகு மலைப்பாதை சுகமாக இருக்காது, கூட்டமும் சேர்ந்துவிடும்.

அடிவாரத்தில் கள்ளழகர் கோயில். அங்கிருந்து மலைப்பாதையில் ஏறினால் முதலில் பழமுதிர்சோலை முருகன் கோயில், அதற்கும் மேலே ராக்காயி அம்மன் கோயிலும் நூபுர கங்கையும். நடக்க முடிந்தவர்கள் நடந்தே போகலாம். நிழல் நிறைந்த பாதை அது. முழங்கால் வலி உள்ளவர்கள் வண்டியில் போவது நல்லது. குரங்குகள் கையில் இருப்பதைப் பிடுங்கும். பழப்பையையும் தேங்காய்ப் பையையும் ஆட்டிக்கொண்டு நடக்காதீர்கள். போனையும் மூக்குக்கண்ணாடியையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நூபுர கங்கை, சிலம்பாறு என்று இலக்கியம் பேசும் நீர் இதுதான். கள்ளழகரின் உற்சவத் திருமேனிக்கு இந்தத் தீர்த்தத்தால் மட்டுமே திருமஞ்சனம் செய்வார்கள். வேறு நீர் பட்டால் திருமேனி கருத்துவிடும் என்பது வழிவழியான நம்பிக்கை. ஐப்பசியில் நடக்கும் தைலக்காப்பு விழாவுக்கு அழகரே மலையேறி இங்கே வருகிறார். ஊற்றின் முன் நிற்கும்போது அவசரப்படாதீர்கள். உள்ளங்கையில் ஏந்தி ஒரு வாய் குடித்துப் பாருங்கள். குழாய்த் தண்ணீரின் நெடி துளியும் இருக்காது. தொண்டையில் இறங்கும்போது கனமில்லாத ஒரு தன்மை தெரியும். அதன் பிறகு குளிக்க வேண்டுமானால் வரிசையில் நின்று குளிக்கலாம். சோப்பு, ஷாம்பு வேண்டாம். கோயில் தீர்த்தம் அது.

இறங்கி வந்ததும் கள்ளழகரைத் தரிசித்துவிட்டுப் பிரசாதமாக விற்கும் தோசையை வாங்குங்கள். தோல் நீக்காத கருப்பு உளுந்தும் அரிசியும் சுக்கும் மிளகும் சீரகமும் சேர்த்து நெய்யில் வேகவைக்கும் கனத்த தோசை. ஓரம் மொறுமொறுப்பாகவும் நடு மெத்தென்றும் இருக்கும். ஒன்றை நான்கு பேர் பிட்டுச் சாப்பிடலாம். சட்னி தேடாதீர்கள்; மிளகின் காரமே போதும்.

ஒன்பது மணிக்கு அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். முதியவர்களுக்காக இந்தப் பயணத்தை அரை நாளாகச் சுருக்க நினைப்பவர்கள், அழகர்மலையோடு நிறுத்திக்கொள்ளலாம். பாறையில் ஏறத் தெம்புள்ள இளைஞர்களுக்கு, இன்னொரு நாள் கீழக்குயில்குடி சமணர்மலையின் பேச்சிப்பள்ளத்தைச் சொல்வேன். வற்றாத சிறு சுனையும், அதன் மேலே பாறையில் வரிசையாக எட்டுச் சமணச் சிற்பங்களும் அங்கே இருக்கின்றன.

முதல் நாள் நண்பகல்: டம்டம் பாறையிலிருந்து தலையாறு

மதுரைக்குத் திரும்பி, வாடிப்பட்டிச் சாலையில் போய் நிலக்கோட்டை, வத்தலக்குண்டு வழியாகக் காட்ரோடு வரை வாருங்கள். அங்கிருந்து வலப்புறம் பிரிவது கொடைக்கானல் மலைச்சாலை. அதில் ஏறினால் டம்டம் பாறை என்ற காட்சிமுனை வரும்.

அங்கே நின்று பள்ளத்தாக்குக்கு எதிர்ப்புறம் பார்த்தால் தலையாறு அருவி தெரியும். எலிவால் அருவி என்பதுதான் ஊர் வழக்கு. உயரம் 297 மீட்டர்; தமிழ்நாட்டிலேயே மிக உயரமான அருவி. தொலைவிலிருந்து பார்ப்பதால் முதல் பார்வையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும்தான் தெரியும். கொஞ்ச நேரம் பொறுமையாக உற்று நோக்குங்கள். கோடு அசைவது தெரியத் தொடங்கும். காற்று அடிக்கும்போது நடுவில் கலைந்து புகையாகி மறுபடி கூடும். பைனாகுலர் இருந்தால் கட்டாயம் கொண்டுபோங்கள். பிற்பகலில் மூடுபனி ஏறிவிட்டால் ஒன்றும் தெரியாது. அதனால்தான் இதை நண்பகலுக்குள் முடிக்கச் சொல்கிறேன்.

அருவியின் தலைப்பகுதிக்குப் போய்ப் படம் எடுக்கும் ஆசையை இங்கேயே விட்டுவிடுங்கள். தடுப்பு எதுவும் இல்லாத செங்குத்துப் பாறை அது. குடும்பத்தோடு போகும் இடமே அல்ல.

இன்னும் மேலே ஏறினால் வெள்ளி அருவி சாலையோரத்திலேயே வரும். உயரம் 180 அடி. கொடைக்கானல் ஏரியிலிருந்து வழியும் நீர்தான் அங்கே விழுகிறது. ஊர்க்கழிவும் அதில் கலக்கிறது. அதனால் பார்க்கலாம், குளிக்கக்கூடாது. இந்தப் பயணத்தில் அதைத் தவிர்ப்பதே என் தீர்ப்பு: நேரமும் போதாது, வார இறுதியில் வாகன நெரிசலும் அதிகம். கொடைக்கானல் வரை போகிறவர்கள், 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி நடைமுறைக்கு வந்த இ-பாஸை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கும் மலையில் தடை உண்டு. எவர்சில்வர் பாட்டிலும் தூக்கும் இருந்தால் எந்தச் சோதனைச் சாவடியிலும் தொல்லை இல்லை.

இறங்கி வரும் வழியில் தேவதானப்பட்டி. மஞ்சளாற்றங்கரை மூங்கிலணைக் காமாட்சி அம்மன் கோயிலில் கருவறைக் கதவைத் திறப்பதே இல்லை. மூடிய கதவுக்குத்தான் பூசை. ஐந்து நிமிடம் நின்று கும்பிட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பெரியகுளம் போய்விடலாம்.

முதல் நாள் பிற்பகல்: கும்பக்கரை

பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை சுமார் எட்டு கிலோமீட்டர். மாந்தோப்புகளுக்கு நடுவே போகும் சாலை. பஸ் குறைவு என்பதால் ஆட்டோ பேசிக்கொள்வது நல்லது; திரும்பி வரவும் சேர்த்துப் பேசிவிடுங்கள். நுழைவுக் கட்டணம் வனத்துறைக்கு. சில்லறையாகப் பணம் வைத்திருங்கள், மலையடிவாரத்தில் போன் சிக்னலை நம்ப முடியாது. மூன்று மணிக்கு முன்பே உள்ளே போய்விடுங்கள்.

கும்பக்கரை இரண்டு நிலைகளாக இறங்குகிறது. மேல் நிலையில் தண்ணீர் பாறைக் குழிகளில் தேங்கித் தேங்கி வருகிறது. அந்தக் குழிகளைக் கெஜம் என்கிறார்கள்: யானை கெஜம், பாம்பு கெஜம், உரல் கெஜம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். நூற்றாண்டுகளாகச் சுழலும் நீரும் கூழாங்கல்லும் குடைந்த குழிகள் அவை. மேலே பார்க்க வாய் சிறிதாகவும் நீர் அமைதியாகவும் இருக்கும். உள்ளே எவ்வளவு ஆழம், பாறை எந்தப் பக்கம் குடைந்து போகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. கும்பக்கரையில் உயிர் போனவர்களில் பலர் நீச்சல் தெரிந்தவர்கள்தாம். கெஜங்களின் பக்கம் போகவே வேண்டாம். குளிப்பதற்கென்று கம்பி போட்ட கீழ் நிலை இருக்கிறது, அது போதும்.

பாறையில் நடக்கும்போது நிறத்தைப் பாருங்கள். வெளிறிய சாம்பல் நிறத்தில் காய்ந்திருக்கும் பாறையில் கால் பிடிக்கும். பச்சையோ கரும்பழுப்போ படர்ந்து மின்னும் இடம் வழுக்கும். ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் நடப்பதே பாதுகாப்பு. அருவிக்குள் நிற்கும்போது உச்சந்தலையை நேராகக் காட்டாதீர்கள். சற்றுக் குனிந்து, தோளிலும் முதுகிலும் விழட்டும். மேலிருந்து சிறு கல் உருண்டு வந்தாலும் தலை தப்பும். குழந்தைகளை ஓரத்தில் தெறிக்கும் நீரிலேயே குளிக்க வையுங்கள். அவர்களுக்கு அதுவே ஆனந்தம்.

இப்போது முக்கியமான ஒன்று. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். வட்டக்கானலில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தண்ணீர் வந்து சேரும்போது எச்சரிக்கை மிகக் கொஞ்சம்தான். மூன்று அடையாளங்களைக் கவனியுங்கள். தெளிந்த நீர் டீ நிறத்துக்கு மாறும். சருகும் குச்சியும் திடீரென்று அதிகமாக மிதந்து வரும். அருவியின் ஓசை கனக்கும். இதில் ஒன்று தெரிந்தாலும் துண்டு, சோப்புப் பெட்டி என்று எதையும் பொறுக்க நிற்காமல் கரையேறி மேடான இடத்துக்குப் போய்விடுங்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் இப்படித் திடீரெனப் பெருகிய வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோனது. காவலர் விசில் ஊதினால் வாக்குவாதம் செய்யாமல் வெளியேறுங்கள். அவர்கள் அந்த ஆற்றை நம்மைவிட அதிகமாகப் பார்த்தவர்கள்.

குளித்து முடித்ததும் கரையோர மருத மரங்களின் நிழலில் கொஞ்சம் உட்காருங்கள். அந்த மரங்களின் அடியில் காவல் தெய்வங்கள் குடியிருப்பதாக ஊரார் நம்புகிறார்கள். எச்சில் இலையை அங்கே போடாதீர்கள். இரவு பெரியகுளத்திலோ தேனியிலோ தங்கலாம். மறுநாள் கம்பம் பக்கம் போக வேண்டும் என்பதால் தேனி வசதி.

இரண்டாம் நாள்: சுருளி

காலை ஆறரைக்குத் தேனியிலிருந்து கிளம்புங்கள். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் வழியாகச் சுருளி. கம்பத்திலிருந்து பத்து கிலோமீட்டர். பஸ்ஸில் வருகிறவர்கள் கம்பத்தில் மாறிக்கொள்ள வேண்டும்.

சுருளி அருவி 150 அடி உயரத்திலிருந்து விழுந்து தேங்கி, மறுபடி கீழே இறங்குகிறது. 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்த காடு இது. வாசலிலிருந்து அருவிவரை உள்ள பாதையில் யானைகள் நடமாடுவது வழக்கம். அதனால் வெள்ளம் இல்லாத நாளிலும் "யானைக் கூட்டம், இன்று அனுமதி இல்லை" என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் பேரம் பேசாமல் திரும்பிவிடுவதே மரியாதை, வழி யானைகளுடையது.

ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் முன்னோருக்குத் திதி கொடுக்க ஆயிரக்கணக்கானோர் இங்கே வருகிறார்கள். சுருளி வேலப்பர் கோயிலும் பாறைக் குகைகளும் இருப்பதால் இது சுற்றுலாத் தலமாகும் முன்பே புண்ணியத் தலம். திதி கொடுக்கப் போகிறவர்கள் அமாவாசையில் போங்கள். குளிக்க மட்டும் போகிறவர்கள் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். நீத்தாரை நினைத்து ஒரு குடும்பம் எள்ளும் தண்ணீரும் விடும்போது பக்கத்தில் பாட்டுப் போட்டு ஆடுவது நன்றாக இருக்காது.

குளிப்பது பற்றிக் கும்பக்கரைக்குச் சொன்னது எல்லாம் இங்கும் பொருந்தும். பெண்களுக்குச் சுடிதார் அல்லது கனமில்லாத பருத்தி உடை நல்லது. புடவை நனைந்தால் காலைக் கட்டும். படியில் ஏறும்போது தடுக்கும். மாற்றுடையை அருவிக்கரையில் வைக்காமல், குளிக்காத ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பத்து மணிக்குள் குளியல் முடிந்துவிடும். பசி வயிற்றைக் கிள்ளும். முந்தைய இரவே விடுதிக்குப் பக்கத்தில் இட்லிப் பொடி தடவிய இட்லியோ புளியோதரையோ வாழையிலையில் கட்டி வாங்கி வைத்திருந்தால் வாசலுக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிடலாம். காட்டுக்குள் உணவைப் பிரிக்காதீர்கள்.

திரும்பும்போது சுருளிப்பட்டிப் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களில் நிறுத்துங்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இங்கே ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை இருக்கும். பந்தலுக்கடியில் நின்று குலையைப் பாருங்கள்: கருநீலப் பழத்தின் மேல் மெல்லிய சாம்பல் பூச்சு கலையாமல் இருந்தால் அது அன்று அறுத்தது. பூச்சு போய்ப் பளபளவென்று இருந்தால் பலர் கைபட்டது என்று பொருள். மதுரை வரை நசுங்காமல் வர அட்டைப்பெட்டியில் வாங்குங்கள், பை உதவாது. நன்றாகக் கழுவிய பிறகே பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

பிற்பகல்: வைகை அணை வழியாகத் திரும்புதல்

தேனிக்கு வந்து மதியம் சாப்பிட்டுவிட்டு ஆண்டிபட்டிப் பக்கம் வைகை அணைக்குத் திரும்புங்கள். 1959இல் திறக்கப்பட்ட இந்த அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 71 அடி. காலையில் நீங்கள் குளித்த சுருளி நீரும், பென்னிகுவிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணையிலிருந்து சுரங்கம் வழியாக வரும் நீரும் சேர்ந்து தேங்குவது இங்கேதான். பிள்ளைகளுக்கு இந்த இடத்தைக் காட்டாமல் போகாதீர்கள். மதுரையில் நம் வீட்டுக் குழாயில் வருவதும் இந்தத் தண்ணீர்தான் என்று சொல்லுங்கள். அருவியில் ஷாம்பு பாக்கெட்டை ஏன் போடக்கூடாது என்பது விளக்காமலே புரிந்துவிடும்.

அணையில் குளிக்க இறங்காதீர்கள். பூங்காவில் ஒரு மணி நேரம் போதும்.

காரில் வந்தவர்கள் ஐந்து மணிக்குள் அங்கிருந்து கிளம்பினால் இருட்டும் முன் ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி உசிலம்பட்டிக்கு வந்துவிடலாம். பஸ்ஸில் வந்தவர்கள் ஆண்டிபட்டிக்கு வந்து மதுரை ஆரப்பாளையம் பஸ்ஸைப் பிடிக்கலாம். போடி-மதுரை ரயிலும் ஆண்டிபட்டியில் நிற்கும். ஆனால் ஒரு நாளில் ஓடும் வண்டிகள் மிகக் குறைவு. நேரத்தை முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஈரத்துணிகளைத் தனிப்பையில் போட்டு மேலே வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் அன்றிரவே அலசிக் காயப்போட்டுவிடுங்கள். அருவி நீரின் பாசி வாடை ஒரு இரவு ஊறிவிட்டால் எளிதில் போகாது.